தண்ணீர் வராத குழாய்

குழாய்க்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தன் கண்ணுக்குத் தெரிவது எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பதுதான் அது. ஐம்பது வயதைத் தாண்டியும் அந்த நம்பிக்கை கொஞ்சமும் ஆட்டம் காணவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறைச் சுவரில் கை வைப்பார், குளியலறைச் சுவரில் காது வைப்பார், பிறகு நேராகப் போய் ஒரு டைலைத் தட்டி "இங்கதான்" என்பார். கசிவு அங்கேதான் இருக்கும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தால் அவருக்குப் பெருமை வராது, குழப்பம்தான் வரும். இதுதான் உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிகிறதே, இதற்குப் போய் ஏன் ஆள் கூப்பிட்டார்கள் என்று யோசித்தபடியே ரெஞ்சை எடுப்பார்.

இப்படிப்பட்ட மனிதர் அதிகம் பேசமாட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு வாய் வலிக்கச் சொல்வது? அவரிடம் ஒரு சேதி சொன்னால் கிணற்றில் போட்ட கல்தான். உள்ளே போய்விட்டது என்பது மட்டும் நிச்சயம். அப்புறம் அது என்ன ஆயிற்று என்பது அந்தக் கிணற்றுக்கே வெளிச்சம்.

அவர் மனைவியின் பிழைப்பு இதற்கு நேர் எதிர். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அழைப்பவர்களிடம் பேசுகிற வேலை. அடித்துப் பிடித்துக் கூப்பிடுகிறவர்களிடம் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. சொந்தத் தெருவின் பெயரே மறந்துபோயிருக்கும். அதனால் அவள் வேறு மாதிரி கேட்பாள். "எதிர்ல என்ன தெரியுது? மெதுவா சொல்லுங்க." பச்சை கேட், மருந்துக்கடை, பாதி கட்டிய மாடி என்று ஒவ்வொன்றாக வரும். எல்லாம் வந்த பிறகு "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். முதல் தடவை பேசுவது பதற்றம், இரண்டாம் தடவைதான் ஆள் பேசுவார் என்பது அவள் கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால், "வண்டி கிளம்பிடுச்சு. லைன்லயே இருங்க." இந்த மூன்றையும் அவள் தூக்கத்தில் சொல்லிக்கூட அவர் கேட்டிருக்கிறார்.

பேசாத மனிதரும் பேச வைக்கிற மனுஷியும் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்டால், பெட்டிகளைக் காட்ட வேண்டியிருக்கும். ஒரே மகள் படித்து முடித்து வேலைக்கென்று வெளியூர் போனதும் வீடு ஓவென்று கிடந்தது. அப்போது மனைவியின் தம்பிதான் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து விட்டான். ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் பொது இடத்தில் சின்னதாக ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போன் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனை நீட்டிக்கொண்டு போய்த் தேடி எடுப்பார்கள், உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் பெயர் எழுதுவார்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல நடையைக் கட்டுவார்கள். பரிசு, பணம் ஒன்றும் கிடையாது. வேலையற்றவர்கள் வேலை என்று முதலில் சொன்னவர் குழாய்க்காரர்தான். பிறகு அவரைவிட யாரும் அதில் ஊறிப்போகவில்லை.

போன் காட்டுகிற இடம் துல்லியமாக இருக்காது. பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அங்கிருந்து கண்ணும் கையும்தான் வேலை செய்ய வேண்டும். தேடித் தேடி அலுத்தவர்களுக்காக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிக் குறிப்பு உண்டு. அது முதலில் மூடியிருக்கும். வேண்டுமென்று தொட்டால்தான் திறக்கும்.

இந்த வீட்டில் பெட்டி செய்வதும் ஒளிப்பதும் அவர் பாடு, குறிப்பு எழுதுவது அவள் பாடு. அவர் செய்கிற பெட்டிகள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ரகம். போல்ட்டு மாதிரி இருக்கும், திருகினால் உள்ளே சுருள். விளக்குக் கம்பத்தின் அடியில் துருப்பிடித்த மூடிபோல இருக்கும், அந்தத் துருவே அவர் கையால் பூசிய பெயின்ட். ஒளித்துவிட்டு வந்து "வச்சாச்சு" என்பார். எங்கே என்று அவளும் கேட்கமாட்டாள். விடுமுறை நாளில் தானே போய், போன் காட்டுகிற இடத்தில் புதிதாக வந்தவள் மாதிரி நிற்பாள். அங்கிருந்து என்ன தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பாள். தேடி எடுத்த பிறகுதான் எழுதுவாள்.

"பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுங்கள். உடனே எழுந்துவிடாதீர்கள்." இது பூங்காவில் இருந்த பெட்டிக்கு அவள் எழுதியது. "மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? அங்கே நின்று தலைக்கு மேலே பாருங்கள்." இது பேருந்து நிறுத்தத்துக்கு. படித்தவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார்கள். ஆட்டக்காரர்கள் அவளைக் குறிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு முழுங்கி என்று பெயர். இரண்டு பெயர்களிலும் பொய் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாய்க்காரர் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் தலையை விட்டு, மிச்சம் மீதி போட்டுவைத்த குழாய்த் துண்டுகளைத் துழாவிக்கொண்டிருந்தார். நூலகத்தின் பின்சுவரில் வைக்கப்போகிற புதுப் பெட்டிக்குச் சரியான அளவில் ஒன்று வேண்டியிருந்தது. சிங்க்கின் மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல இந்த வீட்டுக் குழாய் வருஷக்கணக்காகச் சொட்டுகிறது. மனைவி ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றபடி விஷயத்தைச் சொன்னாள். வேறொரு நகரத்தில் புதிதாகக் கட்டுப்பாட்டு அறை திறக்கிறார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை நடத்துகிற பொறுப்பை அவளுக்குத் தருகிறார்கள். போனால் ஊரையே மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

குழாய்க்காரர் அந்த இருட்டு அலமாரிக்குள்ளேயே முடிவு செய்துவிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அத்தனை வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் கூச்சலைக் காதில் வாங்கியவள். அவளைவிட இதற்கு ஆள் யார்? குழாய் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா? அவர் எங்கேயும் பிழைத்துக்கொள்வார். போகிறோம், அவ்வளவுதான். நெஞ்சு நிறையச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ம்," என்றார். பிறகு, "அந்த டார்ச்சைக் கொஞ்சம் கொடு."

அந்த "ம்"முக்குள் வீட்டைக் காலி செய்வது, சாமான் ஏற்ற வேன் பிடிப்பது, வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வது எல்லாமே அடக்கம் என்று அவர் நினைத்தார். அவள் டார்ச்சைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, இந்தத் தடவை குறிப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். புது வேலை வந்திருக்கிறது, அவளுக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று அவர் புரிந்துகொண்டார். புரிந்துகொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அன்று மாலையே நூலகத்தில் பெட்டியை வைத்தார். நூலகர் அம்மாவிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். பின்சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்துக்குக் குழாய்கள் வரிசையாக நிற்கும். எப்போதோ தோட்டத்துக்கென்று போட்டவை. தலையில் மூடி போட்டு, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து விட்டிருந்தார்கள். குழாய்க்காரர் வலது கோடியில் தன் சொந்தக் குழாய் ஒன்றை நட்டு, அதே பெயின்ட்டை அடித்தார். உள்ளே சுருள். எட்ட நின்று பார்த்தார். பிரமாதம். வீட்டுக்கு வந்து குறிப்பு எழுத உட்கார்ந்தபோது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"தண்ணீர் வராத குழாய்."

இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? அவருக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது. மற்றக் குழாய்கள் தரைக்கடியில் மெயின் லைனோடு சேர்ந்திருக்கின்றன, அவற்றின் அடிப்பாகம் எப்போதும் லேசாக வியர்த்திருக்கும், பெயின்ட் அங்கே பொரிந்திருக்கும். கோடியில் இருக்கிற டம்மிக்கு அதெல்லாம் இல்லை. எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

புதன்கிழமை அந்த வழியாக ஒரு பல் மருத்துவரும் அவருடைய மாமியாரும் வந்தார்கள். ஆட்டத்தில் பழக்கமான ஜோடிதான். ஞாயிறு தவறாமல் பெட்டி தேடுவார்கள், அந்த வாரம் நடுவிலேயே நேரம் வாய்த்திருந்தது. நெடுநேரம் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் குறிப்பைத் திறந்தார்கள். தண்ணீர் வராத குழாய். நல்லது. எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை? ஒன்றிலும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மூடி. திறந்து பார்த்தால்தானே தெரியும், மாப்பிள்ளை என்று மாமியார் நியாயமாகச் சொன்னார். மருத்துவர் காரிலிருந்து ஸ்பேனர் கொண்டுவந்தார். வாழ்நாளெல்லாம் பல் பிடுங்கிய கை. பிடித்தால் விடாது. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது குழாய் கழன்று கையோடு வந்தது.

தண்ணீர் முதலில் மாமியாரைக் குளிப்பாட்டியது. பிறகு சுவரில் இருந்த காற்று ஜன்னல் வழியாக நூலகத்தின் சாமான் அறைக்குள் இறங்கியது. அங்கே பழைய செய்தித்தாள் கட்டுகள், கால் உடைந்த நாற்காலிகள், கதை நேரத்தில் குழந்தைகள் உட்காருகிற விரிப்புகள். நூலகர் அம்மா போன் செய்ய, குழாய்க்காரர் பறந்து வந்து தெருமுனை வால்வை மூடினார். அதற்குள் சாமான் அறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் பட்டார். இது மெயின் லைன் ஆயிற்றே, பார்த்தாலே தெரியவில்லையா என்று கேட்டார்.

மாமியார் புடவையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி இப்படி நிக்கப்போறேன்?"

அவர் குனிந்து ரெஞ்சை எடுத்தார். குழாயைச் சரிசெய்தார், தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டினார், விரிப்புகளைச் சுவர்மேல் காயப்போட்டார். நூலகர் அம்மா நல்ல மனுஷி, ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் உறுத்தியது. செயலியில் இந்த வட்டாரத்துப் பெட்டிகளை மேற்பார்வை பார்க்கிறவரிடமிருந்து மரியாதையாக ஒரு சேதி வந்திருந்தது. குறிப்பைத் திருத்தும்வரை அந்தப் பெட்டி வரைபடத்தில் தெரியாது. அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: குறிப்பக்காவுக்கு என்ன ஆயிற்று?

அவர் வீடு திரும்புவதற்கு முன்பே சேதி வீட்டுக்கு வந்திருந்தது. என்ன குறிப்பு எழுதினீர்கள் என்று மனைவி கேட்டாள். சொன்னார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள், அல்லது வேறெதையோ.

"குறிப்பைத் தொடுறவங்க தோத்துட்டுத்தான் தொடுறாங்க," என்றாள். "தோத்துப்போய் நிக்கிறவங்ககிட்ட விடுகதை போடக்கூடாது. உங்களுக்கு என்ன தெரியும்கிறதை எழுதாதீங்க. அவங்க நிக்கிற இடத்துல இருந்து என்ன தெரியும்னு எழுதுங்க."

அவர் தலையாட்டினார். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். குழாய்க்காரர் உண்மையிலேயே யோசித்தார். நாளைக்கு ரப்பர் வாஷர் வாங்க வேண்டும் என்றார்.

மறுநாள் அந்த வாஷரை வாங்கிவந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். காலி செய்கிற வீட்டை ஒழுகுகிற குழாயோடு விடக்கூடாது. அடுத்து குடிவருகிறவர்கள் குழாய்க்காரன் இருந்த வீடா இது என்று கேட்டால் தொழிலுக்கே அவமானம். வேலை முடிந்து வந்த மனைவி சொட்டுச் சத்தம் இல்லாத சமையலறையில் நின்று குழாயையே பார்த்தாள். அவ்வளவு வருஷம் கேட்டும் நடக்காதது இப்போது எப்படி நடந்தது என்று கேட்டாள். இனிமேலும் ஒழுகவிடலாமா என்றார் அவர். ஊரைவிட்டுக் கிளம்பப்போகிற ஒருவர் சொல்கிற வார்த்தை அது என்று அவருக்குத் தெரியும். இந்த வீட்டிலேயே கடைசிவரை இருக்கப்போகிறவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டாரா? மச்சினனுக்குப் போன் செய்து, அடுத்த மாதம் உன் வேன் வேண்டும், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. வீடு மாறுகிறவன் வேன் கேட்காமல் விமானமா கேட்பான்? பிறகு அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிவந்து, ஊரில் ஒளித்துவைத்த தன் பெட்டிகளை எடுத்தார். பெட்டி வைத்தவர் பக்கத்தில் இருந்து பராமரிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. பூங்கா பெஞ்ச், பேருந்து நிறுத்தம், விளக்குக் கம்பம். இரண்டை மட்டும் பல் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தார். அது ஒருவகையில் மன்னிப்புக் கேட்பதும்தான். மீதியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். செயலியின் வரைபடத்தில் அவருடைய புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துபோயின. எடுக்காமல் மிச்சம் நின்றது நூலகத்துப் பெட்டி மட்டும்தான். அதை வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்று விட்டிருந்தார்.

வீட்டில் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"ஆமா. இனிமே யாரு பார்த்துக்கறது?"

நாம்தான் இங்கே இருக்கப்போவதில்லையே என்பது அவர் சொன்னதன் அர்த்தம். அவள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி வைத்தாள். விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. ஊரைவிட்டுப் போகிற வருத்தம் யாருக்குத்தான் இருக்காது என்று நினைத்துக்கொண்டு அவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் முடிவெடுத்துவிட்டு, இரண்டு பேரும் அடுத்தவருக்காகத்தான் எடுத்தோம் என்று நிம்மதியாக இருந்தார்கள். இந்த மாதிரி நிம்மதியை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை மதியம் கையில் பையோடு நூலகத்தின் பின்பக்கம் போனார். விரிப்புகள் காய்ந்துவிட்டிருந்தன. செய்தித்தாள்கள் அப்பளம்போல விறைத்துக் கிடந்தன. நூலகர் அம்மா வெளியே வந்து, பெட்டியை எடுக்க வேண்டாமே, கதை நேரத்துக்கு வருகிற குழந்தைகளுக்கு அது பிடித்திருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை: குறிப்பை மாற்ற வேண்டும். என் சுவர் இன்னொரு குளியலைத் தாங்காது என்று சிரித்தார்.

குழாய்க்காரர் போனை எடுத்தார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மனைவி செய்கிற மாதிரி செய்து பார்க்கலாமென்று, போன் காட்டுகிற இடத்துக்குப் போய் நின்றார். அது அவர் நினைத்த இடமே இல்லை. சுவருக்கு எதிர்ப்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு சுவர். அதை ஒட்டி ஒரு வரிசைக் குழாய்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம், ஒரே மூடி. வியர்வை தெரியவில்லை, பெயின்ட் பொரிந்தது தெரியவில்லை. எது அவருடையது என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த மாமியார் பாவம், ஈரப் புடவையோடு சொன்னது முழுக்க முழுக்க உண்மை.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாகத் தட்டி எழுதினார். "சுவரைப் பார்த்து நில்லுங்கள். வலது கோடிக் குழாய். விரலால் தட்டுங்கள்: மற்றவை இரும்பு, இது பிளாஸ்டிக். மூடி கையாலேயே திறக்கும். ஸ்பேனர் தேவைப்பட்டால் நீங்கள் தப்பான குழாயில் இருக்கிறீர்கள்." நீளம்தான். இருக்கட்டும்.

அனுப்பிய கையோடு போன் அடித்தது. மச்சினன்.

வேனை யாரோ கேட்கிறார்கள், அதனால் மாமாவுக்கு அது நிஜமாகவே வேண்டுமா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்டிருந்தான். கண்டிப்பாக வேண்டும் என்றார். அப்புறம் அவன் தயங்கித் தயங்கி, அக்கா காலையில் பேசினாள் என்றான்.

"ஷிஃப்ட் முடியறப்போ அந்த வேலையை வேணாம்னு சொல்லிடப்போறா மாமா. நீங்க லைப்ரரி விஷயத்துல ரொம்ப உடைஞ்சு போயிட்டீங்களாம். பெட்டியெல்லாம் எடுத்துட்டீங்களாம். வீட்டுக் குழாயைக்கூட ரிப்பேர் பண்ணி, இங்கயேதான்னு இருக்கீங்களாம். இந்த நிலைமையில உங்களைப் பிடிச்சு இழுக்கக்கூடாதுங்கிறா."

"நான்தான் வரேன்னு சொல்லிட்டேனே," என்றார் குழாய்க்காரர்.

"எப்போ மாமா சொன்னீங்க?"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னோம் என்று தேடிப் பார்த்தார். "ம்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. டார்ச் கேட்டது ஞாபகம் வந்தது. வேறெதுவும் வரவில்லை. குழாய், வேன், பெட்டி என்று அந்த வாரம் முழுக்கத் தான் செய்த ஒவ்வொன்றும் எதிரே வரிசையாக நின்றது. எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில்.

அவளுக்குப் போன் செய்து பயனில்லை. கட்டுப்பாட்டு அறைக்குள் போகும்போது சொந்தப் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கிறவளிடம் பேச உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு, அது அவசர எண். விரல் அந்த எண்வரைக்கும் போயிற்று. அந்த நேரத்தில் யாருக்கோ மூச்சு முட்டிக்கொண்டிருக்கும், அவர்கள் வரிசையில் நான் நுழைவதா என்று போனைப் பைக்குள் போட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பினார். எவ்வளவோ பைப் வெடிப்புகளுக்குப் போயிருக்கிறார், இவ்வளவு வேகமாகப் போனதில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கும் வரவேற்பு அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். காவலாளி அதற்குமேல் விடவில்லை. உள்ளே மூன்றாவது வரிசையில் அவள் ஹெட்செட்டோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். தன்னைக் காட்டினார், அவளைக் காட்டினார், ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டினார், தூரத்தைக் காட்டினார். அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு? மகளுக்கா?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்வதற்குள்ளேயே அவருக்கு வியர்த்துவிட்டது. மறுபடியும் தப்பான குழாயையே திறந்துவிட்டோம் என்று புரிந்தது. இரண்டு பேரும் காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். தம்பி சொல்லிவிட்டானா என்று அவளே கேட்டாள். தலையாட்டினார். நான் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன், நீ கேட்ட அன்றைக்கே, சிங்க்குக்குக் கீழே இருந்தபோதே என்றார். புதிதாகக் குடிவருகிறவர்களுக்காகத்தான் குழாயைச் சரிசெய்தேன், ஊரைவிட்டுப் போவதால்தான் பெட்டிகளை எடுத்தேன், சாமான் ஏற்றத்தான் வேன் கேட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று காவலாளிக்கே குழப்பம்.

"மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்களே," என்றார் அவர், தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்று.

"நாள் முழுக்க முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு வார்த்தையா வாங்குறேன்," என்றாள் அவள். "வீட்ல ஒருத்தராவது நான் கேக்காமலே சொல்லமாட்டாங்களான்னு இருந்தேன். கேட்டும் சொல்லலை. இந்த அஞ்சு நாளும் நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பக்கத்திலேயே இருந்து, எல்லாம் தெரிந்தவராக இருந்து, இது தெரியாது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் அருகில் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற குரலில், அவசரமே இல்லாமல் கேட்டாள்.

"எதிர்ல என்ன தெரியுது? மெதுவா சொல்லுங்க."

குழாய்க்காரர் எதிரே பார்த்தார். ஹெட்செட் அழுத்தி அழுத்தித் தலைமுடியில் விழுந்துவிட்ட தடம் தெரிந்தது. காதுக்கு மேலே நரைத்திருந்தது, அது எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

"நீ தெரியுற," என்றார். "நீ அந்த வேலைக்குப் போகணும். நானும் வரேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் மறுபடி ஆரம்பித்தார். முதல் தடவை சுலபமாக வந்த வார்த்தை இந்தத் தடவை அவ்வளவு சுலபமாக வரவில்லை. காவலாளி மரியாதையாக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நானும் வரேன். நீ இல்லாத வீட்ல குழாய் ஒழுகலைன்னா எனக்கு என்ன, ஒழுகினா எனக்கு என்ன?"

அவள் எழுந்தாள். அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை.

"சரி. வண்டி கிளம்பிடுச்சு," என்றாள். "லைன்லயே இருங்க."

சொல்லிவிட்டு மேலதிகாரியின் அறைப் பக்கம் நடந்தாள். அவர் அசையாமல் அங்கேயே நின்றார்.